பொட்டலத்துச் சத்தும் பாட்டி கைக் கடலை மிட்டாயும்



ஜொகூர் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். அவருடைய மகன் இடைநிலைப் பள்ளியில் பந்து விளையாடுகிறானாம். சிங்கப்பூரில் வேலை செய்யும் அவன் மாமா வரும்போதெல்லாம் 'புரோட்டீன் பார்' என்று பளபளக்கும் பொட்டலங்களை வாங்கி வருகிறாராம். மாமா வராத மாதத்தில் பிள்ளையின் முகம் வாடிப் போகிறதாம். இதை வீட்டிலேயே செய்ய முடியாதா என்பது அவர் கேள்வி.

தாராளமாகச் செய்யலாம். பந்தாடும் பிள்ளைக்கு மட்டுமல்ல, வெறும் தேநீரைக் குடித்துவிட்டுப் பள்ளிக்கு வந்து, இடைவேளை மணி அடிப்பதற்கு முன்பே மேசையில் தலை சாய்க்கிறார்களே, அந்தப் பிள்ளைகளுக்கும் இது வேண்டியதுதான். பசியாறாத வயிற்றுக்குள் வாய்பாடு இறங்காது என்பதை வகுப்பறையில் நாள்தோறும் பார்க்கிறவர்கள் நாங்கள்.

முதலில் அந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பாலிலிருந்தோ சோயாவிலிருந்தோ பிரித்தெடுத்த புரதத் தூள், கடலை அல்லது பாதாம், ஒட்டவைக்க இனிப்புப் பாகு. பெரும்பாலும் இவ்வளவுதான். 60 கிராம் எடையுள்ள ஒன்றில் 20 கிராம் வரை புரதம் இருக்கும். விலையோ நான்கைந்து வெள்ளி. அப்படி இரண்டு பொட்டலத்துக்குக் கொடுக்கும் காசுக்குத் தேக்காச் சந்தையை ஒட்டிய பஃபலோ ரோட்டுக் கடைகளில் ஒரு கிலோ கச்சானும், அதற்கு வேண்டிய வெல்லமும் வாங்கிவிடலாம். அடுத்த முறை மாமாவிடம் அதை வாங்கி வரச் சொல்லுங்கள்.

நமக்கு இது புதிய பண்டமும் அல்ல. கோவில்பட்டிக் கடலை மிட்டாயை அறியாத தமிழர் உண்டா? கரிசல் மண்ணில் விளைந்த கடலையும் வெல்லமும் சேர்ந்த அந்த மிட்டாய்க்கு 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. எள்ளுருண்டை, பொரிவிளங்காய் உருண்டை எல்லாம் அதே குடும்பம்தான். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சினிமாக் கொட்டகை வாசல்களில் நம்மவர்கள் காகிதக் கூம்பில் 'கச்சாங் பூத்தே' விற்றது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். வறுத்த கடலையும் பட்டாணியும் கொண்டைக்கடலையும்தான் அது. அந்தத் தொழிலுக்குப் பேர்போன ஊர் தமிழ்நாட்டின் ஊத்துமலை. அங்கிருந்து வந்தவர்கள் குடியேறிய இடம் ஈப்போ புந்தோங்கில் இன்றும் கம்போங் கச்சாங் பூத்தே என்றே வழங்குகிறது.

கடலைதானே என்று இளப்பமாக நினைக்க வேண்டாம். 1996இல் பிரான்சு நாட்டில் ஆந்திரே பிரியாண்ட் என்ற மருத்துவரும் அவருடைய கூட்டாளியும் கடலை விழுதோடு பால்தூள், சீனி, எண்ணெய், உயிர்ச்சத்துகள் சேர்த்து 'பிளம்பி நட்' என்ற பொட்டலத்தை உண்டாக்கினார்கள். சமைக்க வேண்டாம், தண்ணீர் கலக்க வேண்டாம். பஞ்சம் பாதித்த நாடுகளில் எலும்பும் தோலுமாகக் கிடந்த எத்தனையோ குழந்தைகளை அது மீட்டிருக்கிறது.

இனிச் செய்முறை. தோல் நீக்கிய வறுத்த கச்சான் 200 கிராம், பொட்டுக்கடலை 100 கிராம், எள் 50 கிராம், அவல் 50 கிராம், வெல்லம் 150 கிராம், சிறிது சுக்குப் பொடி, ஏலம்.

கச்சானை ஒன்றிரண்டாக உடைத்துக்கொள்ளுங்கள். எள்ளைப் படபடவென்று பொரியும் வரையிலும், அவலை மொறுமொறுப்பாகும் வரையிலும் வெறும் சட்டியில் தனித்தனியே வறுங்கள். பொட்டுக்கடலையைச் சூடேற்றினால் போதும். வெல்லத்தைக் கால் குவளைத் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, மிதமான தீயில் காய்ச்சுங்கள். ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு உருட்டித் தட்டில் போட்டால் 'டக்' என்று சத்தம் வரவேண்டும். அதுதான் பதம். அதற்கு முன் இறக்கினால் பிசுபிசுக்கும். உடனே எல்லாவற்றையும் கொட்டிக் கிளறி, எண்ணெய் தடவிய தட்டில் பரப்பி, எண்ணெய் தடவிய கிண்ணத்தின் அடியால் அழுத்துங்கள். சூடு ஆறுவதற்குள் 20 துண்டுகளாகக் கீறிவிடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் நமுத்துவிடும். ஆகவே நன்றாக ஆறியபின் இறுக மூடும் டின்னில் வையுங்கள்.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். கச்சானில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 25 கிராம் புரதம், பொட்டுக்கடலையில் 20க்கு மேல், எள்ளில் 18. எல்லாம் கூட்டி 20 துண்டால் வகுத்தால் துண்டுக்கு 4 கிராம் வரும். இரண்டு துண்டில் 8. ஒரு முட்டையில் இருப்பதோ 6 கிராம்தான். கடைப் பொட்டலத்தின் 20 கிராம் இதில் வராது, உண்மை. ஆனால் 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாள் முழுவதற்கும் வேண்டியது சுமார் 42 கிராம்தான். மீதியைப் பருப்பும் மீனும் முட்டையும் தயிரும் தந்துவிடும். அவலையும் எள்ளையும் சும்மா சேர்க்கவில்லை. பருப்பு வகைப் புரதத்தில் குறைவாக இருக்கும் ஓர் அம்சம் அரிசியிலும் எள்ளிலும் உண்டு. அரிசியில் குறைவது பருப்பில் உண்டு. இட்லிக்கு உளுந்து சேர்த்த நம் முன்னோர் வழியும் இதுவே.

சில எச்சரிக்கைகள். பூசணம் பிடித்த, சுருங்கிய, கசக்கும் கச்சானைத் தயங்காமல் எறிந்துவிடுங்கள். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் பூசணக் கடலைப் பிண்ணாக்கைத் தின்று மாண்டன. அந்த நஞ்சு வறுத்தாலும் முழுதாக அழியாது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முழுக் கடலை தொண்டையில் அடைத்துக்கொள்ளும். அவர்களுக்கும் பல்லில்லாத பெரியவர்களுக்கும் எல்லாவற்றையும் பொடித்து, இளம்பாகில் மிருதுவான உருண்டையாகப் பிடித்துக் கொடுங்கள். கடலை தின்று உதடு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். அப்பிள்ளைக்கு மறுபடி அதைக் காட்டவே கூடாது. வெல்லமும் சீனியைப் போல இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். நீரிழிவுக்காரர்களுக்கு இது ஆகாது. மற்றவர்களுக்கும் நாளைக்கு இரண்டு துண்டு போதும். தின்றபின் வாய் கொப்பளிக்கப் பழக்குங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கினால் இரண்டு பிள்ளைகளுக்குப் பள்ளி நாள் ஐந்துக்கும் ஆயிற்று. உடைப்பதற்கும் பரப்புவதற்கும் பிள்ளைகளையே கூப்பிடுங்கள். தன் கையால் செய்ததைத் தின்னப் பிள்ளை முகம் சுளிக்காது. விடியுமுன் வேலைக்குப் புறப்படும் தாய்மாரே, உங்கள் தூக்கிலும் இரண்டு துண்டு இருக்கட்டும். பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு வெறும் வயிற்றோடு போகிறவர்கள் நீங்கள்தானே!