தோப்பைக் காக்கும் வண்டு

பொள்ளாச்சிப் பக்கம் கோடைக் காலத்தில் சில தென்னந்தோப்புகளைப் பார்த்தால் மனம் பதறும். பச்சைப் பசேல் என்று இருக்க வேண்டிய ஓலைகள், தீயில் கருகியது போல் காய்ந்து தொங்கும்.

தீ வைத்தது யார்? ஒரு சிறு புழு!

அதன் பெயர் கருந்தலைப் புழு. ஓலையின் அடிப்பக்கத்தைச் சுரண்டித் தின்னும். ஓலை காய்ந்தால் காய்ப்பு குறையும். காய்ப்பு குறைந்தால் குடும்பத்தின் வருமானம் குறையும்.

புழுவின் கோட்டை

இந்தப் புழு வெளியே திரிவதில்லை. நூலையும் தன் எச்சத்தையும் சேர்த்து, ஓலைக்கு அடியில் குழாய் போல் கூடு கட்டி ஒளிந்து கொள்ளும். மரமோ உயரம். மருந்து அடித்தாலும் கூட்டுக்குள் எட்டுவது கடினம்.

ஆனால் 'பரேனா' என்ற சிறு வண்டு இருக்கிறது. அதன் குஞ்சுப் புழு அந்தக் கூட்டுக்குள்ளேயே நுழைந்து கருந்தலைப் புழுவைத் தின்று விடும்! சின்னஞ்சிறு குளவிகளும் துணைக்கு வருகின்றன. புழுவைக் கொட்டி அசைய முடியாமல் செய்து, அதன் மேல் முட்டை இடுகின்றன. குளவிக் குஞ்சுகளுக்குப் புழுவே உணவு.

அமெரிக்கா செய்தது

இது புது யோசனை அல்ல. 1905-ம் ஆண்டிலேயே, மரங்களை மொட்டை அடித்த கம்பளிப் புழுக்களை ஒழிக்க, அமெரிக்கர்கள் ஐரோப்பாவிலிருந்து வண்டுகளைக் கொண்டு வரத் தொடங்கினார்கள். வண்டுகள் அங்கே நிலைத்து விட்டன. புழுக்கள் அடியோடு ஒழியவில்லை. ஆனாலும் வண்டுகள் இன்றும் அவற்றைத் தின்று வருகின்றன.

நண்பனைக் கொல்வதா?

2016-ல் பொள்ளாச்சியில் வெள்ளை ஈ வந்தது. பயந்து போன பலர் மருந்து தெளித்தார்கள். அங்கேதான் ஆபத்து. ஒளிந்திருக்கும் புழு தப்பிக்கும். வெளியே இரை தேடும் வண்டும் குளவியும் சாகும். காவல்காரனைக் கொன்று விட்டுத் திருடனை யார் பிடிப்பது?

என்ன செய்யலாம்?

புழு தாக்கிய அடி மட்டைகளை வெட்டி எரிக்க வேண்டும். கோடைக்கு முன்பே, ஜனவரியிலிருந்து, ஒட்டுண்ணிக் குளவிகளை விட வேண்டும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கு ஆழியாறு நகரில் தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே யோசனை கேட்கலாம். மருந்து அடிக்க நேர்ந்தால், மூன்று வாரம் கழித்தே குளவிகளை விட வேண்டும்.

எல்லா வண்டும் நண்பன் அல்ல. காண்டாமிருக வண்டும் சிவப்புக் கூன்வண்டும் தென்னைக்குப் பகைவர்கள். இனம் அறிந்து நடக்க வேண்டும்.

ஒருவர் மட்டும் செய்தால் போதாது. பக்கத்துத் தோப்பில் மருந்து அடித்தால், நம் தோப்புக் குளவி அங்கே போய்ச் சாகும். ஊர் கூடினால்தான் தென்னை பிழைக்கும்.