ஐந்தாண்டுப் பொறுப்பு; இருபதாண்டுக் கடன்

தலைநகர் தில்லியின் வடபகுதியில் உள்ளது முகர்ஜி நகர். அங்கு 'சிக்னேச்சர் வியூ' என்ற பெயரில் 12 கோபுரங்களில் 336 வீடுகளைக் கட்டி, 2010-ஆம் ஆண்டையொட்டி ஒதுக்கீடு செய்தது தில்லி வளர்ச்சி ஆணையம். கட்டியது ஏதோ முகவரியில்லாத நிறுவனம் அல்ல, மத்திய அரசின் கீழ் இயங்கும் ஆணையம் என்ற நம்பிக்கையில்தான் நடுத்தர வர்க்கத்தினர் தங்கள் வாழ்நாள் சேமிப்பை அதில் முதலீடு செய்தனர். குடியேறிய சில ஆண்டுகளிலேயே சுவர்ப்பூச்சு உதிரத் தொடங்கியது. கம்பிகள் துருப்பிடித்து வெளியே தெரிந்தன. தில்லி ஐஐடி வல்லுநர்கள் ஆய்வு செய்து, இது குடியிருக்கத் தகுதியற்றது என்றனர். 2023 டிசம்பரில் தில்லி மாநகராட்சி அதை அபாயகரமான கட்டடம் என அறிவித்தது. அதை இடிக்கும் உத்தரவை 2024 டிசம்பரில் உறுதி செய்த தில்லி உயர்நீதிமன்றம், மறுகட்டுமானம் முடியும் வரை வீட்டின் தரத்துக்கேற்ப மாதம் ரூ.50,000 அல்லது ரூ.38,000 வாடகையாக வழங்கவேண்டும் என்றும் ஆணையிட்டது.

நூறாண்டு நிற்கவேண்டிய கட்டடம் பதினைந்து ஆண்டுகளில் இடிபாட்டுக்குத் தயாராகிறது. இதற்குச் சட்டப்படி யார் பொறுப்பு? எத்தனை ஆண்டுகளுக்குப் பொறுப்பு? இந்தக் கேள்வி தில்லிவாசிகளுக்கு மட்டும் உரியதல்ல. சென்னையிலும் கோவையிலும் மாதத் தவணை கட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொருவருக்கும் உரியது.

மனை வணிக ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு மசோதா 2013 ஆகஸ்ட் மாதம் மாநிலங்களவையில் அறிமுகமானது. கட்டமைப்புக் குறைபாடுகளுக்கு அப்போது கட்டுமான நிறுவனத்தின் மீது சுமத்தப்பட்ட பொறுப்பு 2 ஆண்டுகள் மட்டுமே. பின்னர் அனில் மாதவ் தவே தலைமையிலான மாநிலங்களவைத் தெரிவுக் குழு மசோதாவை ஆராய்ந்தது. 2016 மார்ச் 10-ஆம் தேதி மாநிலங்களவையிலும், 15-ஆம் தேதி மக்களவையிலும் நிறைவேறியபோது அந்தப் பொறுப்பு 5 ஆண்டுகளாக உயர்ந்திருந்தது. ஆட்சியிலிருந்தோரும் எதிர்க்கட்சியினரும் ஒன்றுபட்டு ஆதரித்த அரிதான சட்டங்களுள் அதுவும் ஒன்று.

அச்சட்டத்தின் 14-வது பிரிவின் 3-வது உட்பிரிவு தெளிவானது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ, வேலைத்தரத்திலோ, சேவைகளிலோ குறைபாடு இருப்பதாக வீட்டுரிமையாளர் தெரிவித்தால், கட்டணம் ஏதுமின்றி 30 நாள்களுக்குள் அதைச் சரிசெய்வது கட்டுமான நிறுவனத்தின் கடமை. தவறினால் இழப்பீடு தரவேண்டும். அதற்கு முன்பு இருந்த நிலையோடு ஒப்பிட்டால் இது பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால், போதுமானதா?

வண்ணப்பூச்சு மங்குவதும், குழாய் கசிவதும், கதவு இறங்குவதும் முதல் ஓரிரு மழைக்காலங்களிலேயே தெரிந்துவிடும். கட்டடத்தின் உயிர்நிலையில் உள்ள குறைபாடு அப்படியல்ல. கலவையில் உப்புத்தன்மை மிகுந்த தண்ணீரோ மணலோ சேர்ந்துவிட்டால், அதிலுள்ள குளோரைடு கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியை மெல்ல அரிக்கிறது. துருப்பிடித்த கம்பி பருத்து, தன்னைச் சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளக்கிறது. விரிசல் கண்ணுக்குத் தெரிவதற்குள் பல ஆண்டுகள் கழிந்துவிடும். 2022 பிப்ரவரியில் ஹரியாணா மாநிலம் குருகிராமில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் தளங்கள் சரிந்து இரு பெண்கள் உயிரிழந்தனர். அங்கு ஆய்வு நடத்திய தில்லி ஐஐடி சுட்டிக்காட்டியதும் கான்கிரீட்டில் அளவுக்கு மீறியிருந்த குளோரைடைத்தான்.

ஆறாவது ஆண்டில் வெளிப்படும் நோய்க்கு ஐந்தாவது ஆண்டோடு காலாவதியாகும் மருத்துவம் எப்படிப் பயன்படும்? வங்கிக் கடன் மட்டும் இருபது ஆண்டுகளுக்குத் தொடர்கிறது. இடிந்த வீட்டுக்கும் தவணை கட்டித்தான் ஆகவேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இதில் கசப்பான அனுபவம் உண்டு. 2014 ஜூன் 28-ஆம் தேதி சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். பிழைப்புத் தேடி வந்த தொழிலாளர்களே அவர்களில் மிகுதி. எஞ்சியிருந்த மற்றொரு கோபுரம் 2016 நவம்பர் 2-ஆம் தேதி வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 2021-இல் சென்னை புளியந்தோப்பு கே.பி. பூங்காவில் ஏழைகளுக்காக அரசு வாரியம் எழுப்பிய அடுக்குமாடிகளில் கை பட்டாலே சுவர்ப்பூச்சு உதிர்ந்ததையும், சட்டப்பேரவை வரை அது எதிரொலித்ததையும் எவரும் மறந்திருக்க முடியாது. விலை கொடுத்து வாங்குபவர் வழக்குத் தொடுக்கலாம். வேறு போக்கிடமின்றி அரசு தந்த வீட்டில் குடியேறுபவர் யாரிடம் முறையிடுவார்?

சட்டத்தில் இன்னோர் ஓட்டையும் இருக்கிறது. மனையின் பரப்பு 500 சதுர மீட்டருக்கு மிகாமலோ, வீடுகளின் எண்ணிக்கை எட்டுக்கு மிகாமலோ இருந்தால் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யவேண்டிய கட்டாயம் இல்லை. சென்னையில் இரண்டு கிரவுண்டு என்பது ஏறத்தாழ 446 சதுர மீட்டர்தான். பழைய வீட்டை இடித்துவிட்டு ஆறு வீடுகளோ எட்டு வீடுகளோ கட்டி விற்கும் சிறு கட்டுமானங்கள் பெரும்பாலும் இந்த வரம்புக்குள் அடங்கிவிடுகின்றன. அவற்றில் வீடு வாங்கியவர்களுக்கு நுகர்வோர் ஆணையமே புகலிடம். வீடு கட்டித் தருவதும் நுகர்வோர் சட்டத்தின்கீழ் 'சேவை'யே என்று உச்சநீதிமன்றம் 1993-இலேயே லக்னௌ வளர்ச்சி ஆணைய வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. எனினும், வழக்குக்கான காரணம் எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்யவேண்டும் என்ற வரையறை அங்கும் உண்டு.

பொறுப்புக் காலத்தை நீட்டித்தால் வீட்டின் விலை உயரும் என்பது கட்டுமானத் துறையினரின் வாதம். வீட்டுரிமையாளர்களின் பராமரிப்புக் குறைவுக்கும், சுவரை இடித்து அவர்கள் செய்யும் மாற்றங்களுக்கும் தாங்கள் எப்படிப் பொறுப்பாக முடியும் என்றும் அவர்கள் கேட்கின்றனர். இரண்டாவது கேள்வி நியாயமானது. பராமரிப்புக் குறைவால் வந்த சேதத்தையும், கட்டும்போதே நேர்ந்த தவறையும் பிரித்தறியும் தொழில்நுட்பம் இன்று இருக்கிறது. அதற்கான ஆய்வைச் சுதந்திரமான நிறுவனத்திடம் ஒப்படைத்தால் இரு தரப்புக்கும் நீதி கிடைக்கும்.

முதல் வாதத்துக்கு உலக அனுபவமே விடை. பிரான்சில் கட்டடத்தின் உறுதித்தன்மைக்குக் கட்டியவர் பத்தாண்டுகள் பொறுப்பு. 1978-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குக் காப்பீட்டையும் கட்டாயமாக்கியது. 2017-இல் லண்டன் கிரென்ஃபெல் கோபுரத் தீவிபத்தில் 72 பேர் மாண்டபின் பிரிட்டன் இயற்றிய 2022-ஆம் ஆண்டுச் சட்டம், குறைபாடுள்ள குடியிருப்புகளுக்காக வழக்குத் தொடுக்கும் கால வரம்பை 15 ஆண்டுகளாக உயர்த்தியது. ஏற்கெனவே கட்டப்பட்டவற்றுக்கு 30 ஆண்டுகள். அந்நாடுகளில் வீடு கட்டுவது நின்றுபோய்விடவில்லை.

காப்பீட்டுக்கான விதை நம் சட்டத்திலேயே இருக்கிறது. 16-வது பிரிவின்படி நிலத்தின் உரிமைக்கும் கட்டுமானத்துக்கும் நிறுவனமே காப்பீடு எடுத்து, அதன் பயனை வீடு வாங்குவோருக்கு மாற்றித் தரவேண்டும். ஆனால், மாநில அரசு அறிவிக்கை வெளியிட்டால்தான் அந்தப் பிரிவுக்கு உயிர் வரும். காப்பீட்டு நிறுவனம் பணம் போடுகிறது என்றால், கலவையையும் கம்பியையும் சோதிக்க அதுவே ஆள் அனுப்பும். அத்தகைய கண்காணிப்பு எந்த அரசு அலுவலக முத்திரையைவிடவும் பயனுடையது.

எனவே நாடாளுமன்றம் செய்யவேண்டியவை மூன்று. அடித்தளம், தூண், உத்திரம், தளம் ஆகியவற்றுக்கான பொறுப்பைப் பத்தாண்டுகளாக உயர்த்துவது; வடிவமைப்புக்குக் கையொப்பமிடும் கட்டமைப்புப் பொறியாளரையும் அப்பொறுப்பில் சேர்ப்பது; சிறு கட்டுமானங்களுக்கும், அரசு வாரியங்கள் ஏழைகளுக்குக் கட்டித்தரும் வீடுகளுக்கும் அதே அளவுகோலைப் பொருத்துவது. கட்டாயக் காப்பீட்டுக்கான அறிவிக்கையை வெளியிட மாநில அரசுகள் தில்லியை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை.

2 ஆண்டுகளை 5 ஆண்டுகளாக்கியது நாடாளுமன்றம்தான். அதைப் பத்தாக்கவும் அதனால் முடியும். அதற்கு இன்னொரு மௌலிவாக்கம் தேவைப்படக் கூடாது.