குறுந்தகடும் ஏரிப் பாட்டும்

ஆரம்பாக்கத்திலும் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களிலும் வழங்கும் பாட்டுகளைப் பதிவு செய்து, குறுந்தகடாக வெளியிட வேண்டும் என்று நம்மிற் சிலர் பேசி வருகிறோம். நல்ல எண்ணந்தான். ஆனால் பதிவில் காட்டும் ஆர்வத்தில் பாதியையேனும், அதைத் தொழிற்சாலைக்கு எந்த வடிவில் கொடுப்பது என்பதிலும் காட்ட வேண்டும் என்பேன்.

ஆயிரக்கணக்கில் படியெடுக்கும் தொழிற்சாலையில் தகடுகளை ஒவ்வொன்றாக எழுதுவதில்லை. கண்ணாடித் தட்டில் மூலம் பொறித்து, அதிலிருந்து நிக்கல் அச்சு எடுத்து, பாலிகார்பனேட்டில் வார்க்கிறார்கள். மூலத்தில் உள்ள பிழை ஆயிரம் தகட்டிலும் இருக்கும். புத்தகமென்றால் பிழைதிருத்தப் பட்டியலாவது ஒட்டலாம்!

பலர் வீட்டுக் கணினியில் எழுதிய தகட்டையே மூலமாக நீட்டிவிடுகிறார்கள். அதில் ஆழமான கீறல் விழுந்திருந்தால், விட்டுப்போன ஒலியைக் கருவி தானே உத்தேசமாக இட்டு நிரப்பிவிடும். நம் காதுக்குத் தெரியாமலும் போகும். எம்பி3 கோப்போ, இடம் மிச்சப்படுத்த ஒலியில் ஒரு பகுதியைக் கழித்துவிட்ட கோப்பு. கழித்தது திரும்பாது. ஐஎஸ்ஓ கோப்பு தரவுத் தகட்டுக்குரியது. 1980இல் பிலிப்ஸும் சோனியும் வகுத்த ‘சிவப்பு நூல்’ விதிப்படி, இசைத்தகட்டில் கோப்பு என்பதே கிடையாது. நொடிக்கு 44,100 மாதிரிகளாக ஓடும் ஒலியும், எந்தப் பாட்டு எங்கே தொடங்குகிறது என்ற குறிப்புமே உண்டு.

நம் ஏரியில் யார், எங்கே, எந்த நாளில் வலையிடுவது என்று பாடு முறை வகுக்கிறதல்லவா? ஏறத்தாழ அதைப் போன்றது அக்குறிப்பு. ஒலியையும் குறிப்பையும் தகட்டின் வகையையும் தனித்தனிக் கோப்புகளாக ஒரே உறையில் வைத்துத் தருவது டிடிபி என்னும் வடிவம். முன்பு நாடாவில் அனுப்பினார்கள். இன்று இணையத்தில் அனுப்பலாம். உடன் எம்டி5 என்னும் சரிபார்ப்பு எண்ணையும் சேர்த்தால், வழியில் ஓர் எழுத்து மாறினாலும் அது காட்டிக் கொடுத்துவிடும்.

இனிக் குறுந்தகடு யார் கேட்பார் என்பீர்கள். மலிவு விலைத் தகடுகளை வீடுதோறும் சேர்த்த மோசர் பேர் நிறுவனமே 2018இல் கலைப்புக்குப் போயிற்று, மறுக்கவில்லை. ஆனால் படகில் இயந்திரம் வந்தபின், சேர்ந்து துடுப்புப் போடும்போது பாடிய பாட்டுக்கு வேலையில்லாமற் போனது. அறிந்தவர்கள் முதியவர்களே. மறுமுறை பதிவு செய்துகொள்ளலாம் என்று அவர்கள் விஷயத்தில் சொல்ல முடியுமா?

ஆகவே ஒலிப்பதிவுக் கூடத்தில் முன்பணம் கட்டும்போதே டிடிபி வேண்டும் என்று கேளுங்கள். சுருக்காத வேவ் கோப்புகளின் படியொன்று கல்லூரி நூலகத்தில் இருக்கட்டும். அனுப்புமுன் முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை கேளுங்கள். பாடியவர்களில் ஒருவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். இடையில் ஓரடி விட்டிருந்தால் நமக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும்.