பழைய கணிப்பொறியைத் தூக்கி எறியலாமா?

நம் விடுதிகளில் ஒரு வழக்கம் பெருகி வருகிறது. மூத்த மாணவர் விட்டுச் சென்ற பழைய மேசைக் கணிப்பொறி ஒன்று கைக்கு வரும். வேகம் போதாதென்று கூடுதலாக ஒரு ரேம் வாங்கிப் பொருத்துவர். திரை இருண்டு கிடக்கும். அல்லது பொறி ஓயாமல் ‘பீப்’ என்று ஓலமிடும். உடனே, "இதன் காலம் முடிந்தது, புதியது வாங்கு" என்று தீர்ப்புக் கூறிவிடுவர். விசாரணை இல்லை, தீர்ப்பு மட்டும் உண்டு! இவ்வழக்கத்தை நான் எதிர்க்கிறேன்.

பழமைப் பற்றால் எதிர்க்கவில்லை. வீட்டிலிருந்து வரும் பணத்தை எண்ணி எண்ணிச் செலவிடும் தம்பி தங்கையர் நம்மிடையே பலர். புதுப் பொறி வாங்கச் சொல்வது நமக்கு ஒரு சொல். அவர்தம் பெற்றோருக்கோ ஒரு கடன். ஆதலின் அச்சொல்லைச் சொல்லுமுன் காரணத்தை ஆராய்வது நம் கடமை. காரணங்களோ எண்ணிவிடக்கூடியவை.

முதலாவது, இன வேறுபாடு. டி.டி.ஆர்.2, டி.டி.ஆர்.3 ஆகிய இரண்டுக்கும் 240 முனைகளே, நீளமும் ஒன்றே. ஆயினும் விளிம்பிலுள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். மின்னழுத்தமும் வேறு: முன்னதற்கு 1.8 வோல்ட், பின்னதற்கு 1.5 வோல்ட். டி.டி.ஆர்.4-க்கு 288 முனைகள், 1.2 வோல்ட். வெட்டு பொருந்தாதபோது அழுத்திப் புகுத்துவது வீரமன்று, விபரீதம்.

இரண்டாவது, இனம் ஒத்தும் குணம் ஒவ்வாமை. இன்டெல் ஜி41 சிப்செட் கொண்ட பலகைகள் பலவற்றில், 16 சில்லுகள் கொண்ட 4 ஜி.பி. ரேம் இயங்கும், அதே 4 ஜி.பி.யை 8 சில்லுகளில் அடக்கிய புதிய ரேம் இயங்காது. குற்றம் ரேமினுடையதும் அன்று, பலகையினுடையதும் அன்று. சில்லு ஒன்றின் கொள்ளளவு அப்பலகை அறிந்த அளவை மீறிவிட்டது, அவ்வளவே. ஏ.எம்.டி. பொறிகளுக்கென்றே மலிவாக விற்கும் 4 ஜி.பி. டி.டி.ஆர்.2 ரேம்களை இன்டெல் பலகைகள் ஏற்பதில்லை. சர்வர்களிலிருந்து கழற்றி விற்கும் ‘ரெஜிஸ்டர்டு’ வகையும் சாதாரண மேசைப் பொறிக்கு ஆகாது.

மூன்றாவது, மென்பொருளின் வரம்பு. 8 ஜி.பி. பொருத்தியும் ஏறத்தாழ 3 ஜி.பி.யே பயன்படுகிறது என்று விண்டோஸ் காட்டினால், அது பெரும்பாலும் 32 பிட் பதிப்பாகவே இருக்கும். 32 பிட் முகவரிகளால் எட்டக்கூடியது 4 ஜி.பி. மட்டுமே, அதிலும் ஒரு பகுதியைப் பிற உறுப்புகள் எடுத்துக்கொள்ளும். செயலி 64 பிட் ஆயின், 64 பிட் பதிப்பை நிறுவிய அன்றே குறை தீரும்.

ஆராயும் முறையும் எளிதே. மின்கம்பியைப் பிடுங்குக, பவர் பொத்தானைச் சில நொடி அழுத்தி எஞ்சிய மின்சாரத்தைப் போக்குக, பெட்டியின் உலோகத்தைத் தொட்டபின் ரேமைக் கையில் எடுக்க. முனைகளில் அழுக்கிருந்தால் மென்மையான ரப்பரால் துடைத்து, துகள் நீக்கி, இருபுறக் கொக்கியும் ‘டக்’கென விழப் பொருத்துக. ஒரு வேளையில் ஒரே ரேம், ஒரே ஸ்லாட் என்று மாற்றி மாற்றிப் பார்க்க. எந்த ரேமும் ஒரு குறிப்பிட்ட ஸ்லாட்டில் மட்டும் இயங்காவிடின் ஐயம் ஸ்லாட்டின்மேல். பழையது இயங்கும் இடத்திலெல்லாம் புதியது இயங்காவிடின் ஐயம் புதியதன்மேல். பயாஸ் அமைப்பை அழித்துத் தொடங்குதலும் சில வேளை கைகொடுக்கும். இயங்கத் தொடங்கிய பின், இலவசமாகக் கிடைக்கும் மெம்டெஸ்ட்86+ கொண்டு ஓரிரவு சோதித்தால் மறைந்த பிழைகளும் வெளிப்படும்.

எல்லாப் பழம்பொறியும் பிழைக்கும் என்று நான் வாதிடவில்லை. இன்டெல் ஜி31 சிப்செட்டின் எல்லை 4 ஜி.பி.; அதற்குமேல் வாங்குவது வீண் செலவு. விண்டோஸ் 10-க்குரிய பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது; ஆதலின் பல பழம்பொறிகளுக்கு லினக்ஸே ஏற்றது. ஆராய்ந்தபின் ‘ஆகாது’ என்றால் அது முடிவு; ஆராயாமல் சொன்னால் அது சோம்பல்.

எறியப்படும் பொறி எங்கே போகிறது என்பதையும் எண்ணுங்கள். 2022-இல் உலகம் குவித்த மின்கழிவு 6 கோடியே 20 இலட்சம் டன். அதில் முறைப்படி திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது 22.3 விழுக்காடு மட்டுமே. தில்லிச் சீலம்பூரில் ஏழைத் தொழிலாளர் வெறுங்கையால் உடைத்துப் பிரிப்பது நாம் போன்றோர் எறிந்தவற்றைத்தான்.

ஆகவே நம் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுவிழாச் செலவில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, வகைக்கொன்றாகச் சோதனை ரேம்கள், ஒரு திருப்புளி, மெம்டெஸ்ட் ஏற்றிய ஒரு பென்டிரைவ் ஆகியவற்றை மன்ற அறையில் வைப்போம். சோதனை முறையை ஒரே பக்கத்தில், தூய எளிய தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டுவோம். தமிழ் வாழ்க என்று மேடையில் முழங்குவது நன்றே; ஊர்விட்டு வந்த ஒரு தமிழ் மாணவனின் பழுதைத் தமிழில் சொல்லித் தீர்ப்பது அதனினும் நன்று.