கட்டம் சுருங்கினால் துளியும் சுருங்குமா?

"கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது, அப்புறம் என்ன சந்தேகம்?" புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலரும் இப்படிப் பேசுகிறார்கள். இந்த நம்பிக்கையைக் கொஞ்சம் குறைத்துக் கொள்ளுங்கள் என்பதே என் கருத்து. காரணம் சொல்கிறேன்.

பக்கத்து வீட்டுப் பையன் மெக்கானிகல் இன்ஜினியரிங் இறுதியாண்டு படிக்கிறான். விநாடிக்கு 100 மீட்டர் வேகத்தில் வீசும் காற்றில் தண்ணீரைப் பீய்ச்சினால் என்ன ஆகும் என்பது அவன் புராஜக்ட். இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன்ஃபோம் சாப்ட்வேரை வீட்டுக் கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் செய்து ஓடவிட்டிருந்தான். மானிட்டரில் நீலமும் சிவப்புமாக அருமையான படம்!

"தண்ணீர் அரை மில்லிமீட்டர் துளிகளாக உடையுது அங்கிள்" என்றான்.

"கணக்குப் போட எடுத்துக்கிட்ட கட்டம் எவ்வளவு பெரிசுப்பா?" என்றேன்.

"அதுவும் அரை மில்லிமீட்டர்தான்."

கட்டத்தைப் பாதியாக்கி மறுபடி ஓடவிடச் சொன்னேன். முன்பு 2 மணி நேரத்தில் முடிந்த வேலை 16 மணி நேரம் ஓடியது. விடை? துளிகள் இப்போது கால் மில்லிமீட்டர்! புராஜக்டைக் கொடுக்க ஒரு வாரமே இருந்தது. பையன் முகம் வாடிவிட்டது.

என்ன நடந்தது? இந்த வகை சாப்ட்வேர் இடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு காற்று என்று கணக்கு வைக்கிறது. ஹிர்ட், நிக்கல்ஸ் என்ற இருவர் 1981-ல் வெளியிட்ட முறை இது. ஒரு கட்டத்தைவிடச் சிறிய துளி அதன் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் இழை மெலிந்து கட்டத்தின் அளவுக்கு வந்ததும், கணக்கில் அது அறுந்துவிடும். உடைத்தது காற்று அல்ல, கட்டம்!

இதைப் பேப்பரும் பேனாவும் கொண்டே கண்டுபிடித்திருக்கலாம். காற்றின் அடர்த்தி, வேகத்தின் வர்க்கம், துளியின் விட்டம் மூன்றையும் பெருக்கி, தண்ணீரின் பரப்பு இழுவிசையால் வகுத்தால் வருவது வெபர் எண். இது சுமார் 12-ஐத் தாண்டினால் துளி உடையும். 2 மில்லிமீட்டர் மழைத்துளிக்கு இது 2-ஐக்கூடத் தொடாது, அதனால்தான் அது முழுசாக நம் தலையில் விழுகிறது. பையனின் அரை மில்லிமீட்டர் துளிக்கு 80-க்கு மேல் வருகிறது. துளி காற்றோடு சேர்ந்து ஓடத் தொடங்கினால் இது குறையும், எனவே தோராயக் கணக்குதான். ஆனாலும் "இதோடு உடைவது நிற்காது" என்று எச்சரிக்க இது போதும்.

அப்படியானால் கட்டத்தை இன்னும் சிறிதாக்கலாமே என்பீர்கள். ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கட்டங்களாகப் பிரித்தால் 100 கோடி கட்டங்கள் வரும். கட்டத்துக்கு 5 எண்கள், எண்ணுக்கு 8 பைட் என்றால் 40 ஜி.பி. மெமரி வேண்டும். நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் 8 அல்லது 16 ஜி.பி. இருந்தாலே பெரிது. சூப்பர் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களும் எல்லாத் துளிகளையும் நேரடியாகக் கணக்கிட முடியாமல், துளியை ஸ்பிரிங்கில் மாட்டிய எடைபோல் பாவித்து உடையும் நேரத்தை மதிப்பிடும் முறைகளைப் பயன்படுத்துகிறார்கள். அவற்றில் உள்ள எண்கள் ஆய்வகச் சோதனைகளைப் பார்த்துப் பொருத்தப்பட்டவை.

இது விளையாட்டு விஷயமல்ல. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் கட்டத்தைத் திருப்புவதே இப்படிப் பீய்ச்சும் திரவம்தான். நாசிலுக்குள் ஒலியைவிட வேகமாகப் பாயும் வாயுவில் ஸ்ட்ரான்ஷியம் பெர்குளோரேட் கரைசலைப் பக்கவாட்டில் செலுத்துகிறார்கள். அங்கே அதிர்வலை எழுந்து ஒரு பக்கம் அழுத்தம் கூட, ராக்கெட் திரும்புகிறது. இதில் கணக்கு பிசகினால் ராக்கெட் திசை மாறும். அதனால்தான் கம்ப்யூட்டர் கணக்கு எத்தனை வந்தாலும், மோட்டாரைத் தரையில் நிறுத்தி எரித்துப் பார்க்கும் சோதனையை விடுவதில்லை.

பையன் என்ன செய்தான் தெரியுமா? இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, "என் கட்டத்தின் அளவே துளியின் அளவைத் தீர்மானிக்கிறது. எனவே துளி அளவை இதிலிருந்து சொல்ல முடியாது" என்று எழுதிக் கொடுத்தான். ஒற்றைப் படத்தைவிட இதுவே நல்ல புராஜக்ட் என்பேன்.

நீங்களும் டிவியிலோ பத்திரிகையிலோ வண்ண வண்ண சிமுலேஷன் படத்தைப் பார்த்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். கட்டத்தை மாற்றினால் விடை மாறுகிறதா? நிஜச் சோதனையோடு ஒப்பிட்டார்களா? இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் அது அழகான படம், அவ்வளவுதான்.