அனுபவம் விலைக்குக் கிடைக்குமா?

 

சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் அன்பர் ஒருவர் தம் மகளுடன் மதரஸாவுக்கு வந்திருந்தார். சிறு வயதில் நம்மிடம் குர்ஆன் ஓதிய பெண், நான்காண்டு பி.எஸ்ஸி. நர்சிங் படிப்பை இப்போதுதான் நிறைவு செய்திருக்கிறாள். "வளைகுடாவில் வேலை இருக்கிறது ஹஜ்ரத். இரண்டாண்டு அனுபவம் கேட்கிறார்கள். பணம் கொடுத்தால் அனுபவச் சான்றிதழை வாங்கித் தருவதாக ஏஜண்ட் சொல்கிறார். கொடுக்கலாமா?" என்று கேட்டார் தந்தை. தலை குனிந்து நின்ற மகள் மெல்லிய குரலில் சொன்னாள்: "ஹஜ்ரத், மேற்பார்வை இல்லாமல் நான் இதுவரை ஒரு நோயாளியைக்கூடத் தனியாகப் பார்த்ததில்லை."

வாசகர்களே, தந்தையின் கேள்விக்கு மகளே விடை கூறிவிட்டாள். அனுபவச் சான்றிதழ் ஒரு சாட்சியம். அதை நம்பியே ஒரு மருத்துவமனை நள்ளிரவில் ஒரு வார்டை அவள் பொறுப்பில் விடுகிறது. அந்தச் சாட்சியம் பொய்யானால் அதற்கு விலை கொடுப்பவர் படுக்கையில் கிடக்கும் நோயாளி. உலக நோக்கில் பார்த்தாலும் இது நட்டமே. வளைகுடா நாடுகளில் உரிமம் கோருவோரின் சான்றிதழ்கள், அவற்றை வழங்கிய கல்லூரியிடமும் மருத்துவமனையிடமும் நேரடியாகச் சரிபார்க்கப்படுகின்றன. பொய் வெளிப்பட்டால் உரிமமும் போகும், பெயரும் கெடும்.

அப்படியானால் புதிதாகப் பட்டம் பெற்ற பெண் என்ன செய்ய வேண்டும்?

முதலில், தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவில்லாத பட்டம் பணிக்கு உதவாது. வேறு மாநிலத்தில் பணியாற்ற விரும்பினால் இங்கிருந்து தடையின்மைச் சான்று பெற்று அங்கும் பதிய வேண்டும்.

அடுத்து, முதல் வேலையைச் சம்பளத்தைப் பார்த்தோ, வீட்டிற்கு அருகில் இருப்பதைப் பார்த்தோ தேர்ந்தெடுக்காதீர்கள். தீவிர சிகிச்சைப் பிரிவும் அவசரப் பிரிவும் உள்ள, மூத்த செவிலியர் உடனிருந்து கற்பிக்கும் மருத்துவமனையைத் தேடுங்கள். ஊதியம் குறைவாக இருக்கலாம். ஆனால் அங்கு கழியும் இரண்டாண்டுகளே வாழ்நாள் முழுவதற்கும் முதலீடு. சேரும்போது மூலச் சான்றிதழ்களைக் கேட்டால், காட்டிவிட்டு நகலை மட்டும் கொடுங்கள். எந்தப் பத்திரத்திலும் படிக்காமல் கையொப்பமிடாதீர்கள்.

பணியில் சேர்ந்தபின் ஐந்து சரிபார்ப்புகளை ஒருபோதும் விடாதீர்கள்: சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். மருத்துவர் எழுதியது விளங்காவிட்டால் கேளுங்கள். கேட்பது இழிவன்று, ஊகிப்பதே ஆபத்து. கொடுத்த மருந்தை உடனே குறித்து வையுங்கள். உங்கள் உடலும் ஓர் அமானிதமே. ஹெப்படைடிஸ் பி தடுப்பூசியை மூன்று தவணையும் முடித்துக்கொள்ளுங்கள். பயன்படுத்திய ஊசி கையில் குத்திவிட்டால் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, அப்போதே மேலதிகாரியிடம் தெரிவியுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். பயத்தாலோ வெட்கத்தாலோ மறைப்பது பெருந்தவறு.

பணி செய்துகொண்டே அரசுத் தேர்வுகளுக்கும் ஆயத்தமாகலாம். தமிழக அரசு மருத்துவமனைகளுக்கு, 2012-இல் அமைக்கப்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆள் எடுக்கிறது. எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கு நார்செட் என்னும் பொதுத் தேர்வு நடைபெறுகிறது. வெளிநாடே விருப்பமென்றால், 1978 முதல் இயங்கும் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை முதலில் அணுகுங்கள். செவிலியர் ஏமாற்றப்படுவதைத் தடுக்கவே 2015-இல் நடுவண் அரசு இத்தகைய அரசு முகமைகளின் வழியே அவர்களை அனுப்ப ஏற்பாடு செய்தது.

பெற்றோருக்கும் ஒரு சொல். இரவுப் பணி என்றதும் பலர் மகளைப் பணியிலிருந்து நிறுத்திவிடுகின்றனர். நோயாளிகளைப் பேணுவது நம் பெண்களுக்குப் புதிதன்று. அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களைப் பராமரித்தவர் ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணி அல்லவா? போக்குவரத்துக்கு வண்டி உண்டா, விடுதி பாதுகாப்பானதா என்று நேரில் சென்று விசாரியுங்கள். அது தந்தையின் கடமை. விசாரிக்காமலே வேண்டாம் என்பது நான்காண்டு உழைப்பை வீணாக்குவதாகும்.

வந்த அன்பர் சற்று நேரம் பேசாமல் அமர்ந்திருந்தார். பிறகு, "ஏஜண்டுக்கு வைத்திருந்த பணத்தில் பிள்ளைக்கு விடுதிக் கட்டணம் கட்டிவிடுகிறேன், ஹஜ்ரத்" என்று கூறி எழுந்தார். மகளின் முகத்தில் அப்போதுதான் மலர்ச்சியைக் கண்டேன். உங்கள் இல்லத்திலும் அப்படியொரு மகள் இருந்தால், அவளையும் அமர்த்திவைத்துக் கேளுங்கள். வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் கரங்களில் ஷிஃபாவையும், உழைப்பில் ஹலாலான பரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.