வளர்த்தவளுக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

ஆறு மாதக் குழந்தையிலிருந்து தூக்கி வளர்த்தவளை, சாயங்காலம் வாசலில் செருப்பு மாட்டும்போது, "நாளையிலிருந்து வர வேணாம் ஆயாம்மா" என்று அனுப்பிவிடலாமா? பையனை பிளே ஸ்கூலில் சேர்த்துவிட்டார்களாம். சேர்க்கட்டும், அதற்கான வயது வந்துவிட்டது. ஆனால் பணம் கட்டி, பை வாங்கி, தண்ணீர் பாட்டில் வாங்கி எத்தனையோ நாளாகிறது. பாட்டிலில் அவன் பெயரை ஒட்டியதே நான்தான். அரை நாள் பள்ளிக்கூடம்தானே, மத்தியானம் கூட்டிவந்து சோறூட்ட ஆள் வேண்டுமே என்று நம்பிக்கொண்டு இருந்தேன். என்னிடம் முன்கூட்டிச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

என் காது மடலைப் பிடித்துக்கொண்டால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். கேழ்வரகுக் கூழில் சின்னக் கட்டி இருந்தாலும் துப்பிவிடுவான், வடிகட்டித்தான் ஊட்டுவேன். இன்று மத்தியானம் யார் காதைத் தேடினானோ!

பெற்றவளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு லீவு என்று 2017-இல் சட்டம் வந்தது. நல்ல சட்டம், நானும் பெற்றவள்தான், மனதாரச் சொல்கிறேன். ஆனால் அந்த லீவு முடிந்து அந்த அம்மா நிம்மதியாக ஆபீஸ் போனது என்னை நம்பித்தானே? அவர் வேலையை நான் காப்பாற்றிக் கொடுத்தேன். என் வேலையைக் காப்பாற்ற ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

அடுத்த வேலை சுலபமாகக் கிடைத்துவிடுமா? நாங்கள் சென்னை கண்ணகி நகர். ஆசைப்பட்டு வந்த இடமில்லை, ஊருக்குள் இருந்த குடிசைகளை எடுத்துவிட்டு அரசாங்கம் கொண்டுவந்து விட்ட இடம். ஆதாரில் அந்தப் பெயரைப் பார்த்ததும் ஓஎம்ஆர் அடுக்குமாடி வீடுகளில் முகம் மாறிப்போகும். ஏஜென்சி வழியாகப் போனால் சம்பளத்தில் கமிஷன் பிடிப்பார்கள். எல்லாம் தாண்டி உள்ளே போனால், "பழைய வீட்டு நம்பர் கொடுங்க, விசாரிக்கணும்" என்பார்கள். விசாரணைக்குப் பதில் சொல்லப்போவது என்னை வாசலோடு அனுப்பிய அதே வீடு! அதனால்தான் அன்று வாயைத் திறக்காமல் படியிறங்கினேன். நியாயம் கேட்டால் அடுத்த வேலையும் போய்விடும்.

வீட்டு வேலைத் தொழிலாளர் நல வாரியம் 2007-இல் வந்தது. தமிழ்நாட்டில் குறைந்தபட்சக் கூலியை 2018-இல் அறிவித்தார்கள். காகிதத்தில் இருக்கிறது, எந்த வீட்டுக்காரரும் அதைப் பார்த்துச் சம்பளம் பேசி நான் கண்டதில்லை. 2011-இல் ஜெனிவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு எங்களுக்காக 189-ஆம் ஒப்பந்தம் போட்டபோது இந்தியாவும் ஆதரித்து ஓட்டுப் போட்டது. ஆனால் அதை இந்த நாடு இன்னும் ஏற்று உறுதிசெய்யவில்லை. சட்டம் வரும்வரை எங்கள் வயிறு காத்திருக்குமா?

வீட்டில் ஆயா வைத்திருப்பவர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். நிறுத்துவதென்றால் ஒரு மாதம் முன்னால் சொல்லுங்கள். முடியாவிட்டால் ஒரு மாதச் சம்பளத்தைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். வேறு வீட்டிலிருந்து எங்களைப் பற்றி விசாரித்து போன் வந்தால், தயவுசெய்து எடுத்து, உள்ளதைச் சொல்லுங்கள்.